பசியை அறிந்த வீட்டில் அளவான உணவு

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய மக்களைக் கொடிகாமம் நன்கு அறியும். நாவற்குழியையும் கைதடியையும் கடந்து தென்மராட்சிக்கு வந்த குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தென்னந்தோப்புகளிலும் தங்கின. 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே தம் வீடுகளை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 2009 இல் வன்னியிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் நலன்புரி நிலையங்களில் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் எமக்கிருந்த கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு அடுப்பு எரியுமா?

இன்று அதே குடும்பங்களில் வேறொரு கேள்வி எழுகிறது. தாய்க்குச் சலரோகம், தகப்பனுக்குப் பிரசர், முப்பது வயது மகளுக்கு முழங்கால் நோ. கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்லப்படுவது, “நிறையைக் குறையுங்கள்” என்பதே. பட்டினி கிடந்தவர்களுக்கு நிறை கூடுவது எப்படி என்று பலர் வியக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு. அதை விளங்கிக்கொண்டால், செய்ய வேண்டியதும் விளங்கும்.

உழைப்பு மாறியது, கோப்பை மாறவில்லை

செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த ஒருவர் விடியுமுன் எழுந்து நீர் இறைத்து, மண்வெட்டி பிடித்து, கட்டுச் சுமந்தார். அத்தகைய உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 3000 கலோரி வரை தேவைப்படும். காணியை இழந்தபின் அவரே கடையில் இருக்கிறார், அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார், அல்லது வேலை தேடி வீட்டில் இருக்கிறார். இப்போது அவருக்கு 2000 கலோரி அளவே போதும். ஆனால் சோற்றுக் கோப்பை அன்றைய அளவிலேயே நிரம்புகிறது. மிஞ்சுவது இடுப்பில் கொழுப்பாகச் சேர்கிறது.

இன்னொரு காரணம் நிவாரணம். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவை எம் உயிரைக் காத்தன. அதை மறக்க முடியாது. ஆனால் முகாமில் கீரைப்பாத்தி இல்லை, முருங்கை மரம் இல்லை. ரொட்டியும் கோதுமை மாப் புட்டும் சீனித் தேநீரும் அன்றாட உணவாயின. நிவாரண அட்டை நின்று போனது, பழக்கம் நிற்கவில்லை. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகி, அதே உணவைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

பசியின் ஞாபகம்

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், பட்டினி கிடந்த மக்களுக்கு உதவும் அறிவைத் தேடித் தருவதற்காகத் தாமாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே கொடுக்கப்பட்டது. உடல் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சிலர் சமையற் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பின்னர் வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, வயிறு நிரம்பிய பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்புத் திரும்பி வந்ததோடு, முன்பிருந்ததை விடக் கூடுதலாகவும் சேர்ந்தது.

இவர்கள் பேராசைக்காரர் அல்லர். பஞ்சத்தைக் கண்ட உடம்பு, அடுத்த பஞ்சத்துக்காகச் சேமிக்கிறது. பஞ்சத்தைக் கண்ட மனமும் அப்படியே.

அதே போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்து நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தார்கள். வளர்ந்தபின் அவர்களுடைய உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. இடப்பெயர்வின்போது பிறந்த எமது பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. அது தலைவிதி அல்ல. மற்றவர்களை விடச் சற்று முந்தியே கவனம் எடுக்க வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை.

அளந்து பார்ப்போம்

தராசு இல்லாத வீட்டில் தையல் நாடா போதும். மூச்சை அடக்காமல், விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளவுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் (35½ அங்குலம்) பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் (31½ அங்குலம்) எல்லை. நிறையைப் பொறுத்தவரை, 150 சென்ரிமீற்றர் உயரமானவர் 52 கிலோவையும், 160 சென்ரிமீற்றர் உயரமானவர் 59 கிலோவையும் தாண்டினால் கவனம் தேவை. இவை ஆசிய மக்களுக்கென்று குறிக்கப்பட்ட அளவுகள். எமக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த நிறையிலேயே சலரோகம் வருவதுண்டு.

35 வயதைக் கடந்தவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம். வருத்தம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கோப்பையில் செய்யக்கூடியவை

முதலில் தேநீர். ஒரு தேக்கரண்டி சீனியில் ஏறத்தாழ 20 கலோரி உண்டு. மூன்று கரண்டி போட்டு ஆறு தரம் குடித்தால் 360 கலோரி. அதைச் செலவழிக்க ஒன்றரை மணி நேரம் விரைவாக நடக்க வேண்டும். வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டி கேடில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான், ஒரு சிறு துண்டு போதும்.

இரண்டாவது சோறு. கோப்பையை மனதால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி கீரையும் மரக்கறியும். மற்றப் பாதியில் அரைவாசி சோறு, அரைவாசி மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு. தவிடு நீக்காத சிவப்பரிசி நல்லது. ஆனால் சிவப்பரிசி என்பதற்காக இரண்டு மடங்கு உண்ண முடியாது.

மூன்றாவது புட்டு. கோதுமை மாவுக்குப் பதிலாகச் சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் கலந்து அவியுங்கள். தேங்காய்ப்பூவை அளவோடு போடுங்கள். இரவில் இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு உண்டு உடனே படுப்பதை விட, ஒன்றை வல்லாரைச் சம்பலோடும் மரக்கறியோடும் நேரத்துக்கு உண்பது மேல்.

கொடிகாமம் சந்தையில் வாங்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, வாழைப்பொத்தி, கத்தரி, புடோல், பிலாக்காய். இவற்றிற் பல வேலியோரத்தில் தாமாகவே வளரும். காணி திரும்பக் கிடைக்காதவர்களும் ஒரு முருங்கைக் கதியாலை ஊன்றலாம். உரப்பையில் கீரை விதைக்கலாம். மீனும் மரக்கறியும் முருங்கையிலையும் பிலாக்கொட்டையும் சேர்த்த ஒடியற்கூழ், ஊர் கூடிக் குடித்த நல்ல உணவு. ஒடியல் மாவை ஊறவிட்டு, நீரை வடித்த பின்பே சேர்க்க வேண்டும்.

பெரிய செலவில்லாத மருந்து நடை. கிழமைக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் போதும். வீட்டுத் தோட்டத்தில் கொத்துவதும் இதில் அடங்கும்.

மனதை ஆயத்தப்படுத்துவோம்

“சோத்தைக் கொட்டாதை, பட்டினி கிடந்ததை மறந்திட்டியோ?” இந்த வார்த்தையைப் பல வீடுகளில் நாம் கேட்டிருக்கிறோம், நாமே சொல்லியும் இருக்கிறோம். அதில் நியாயம் உண்டு. ஆனால் பசியில்லாத பிள்ளையின் வாயில் திணிப்பதால் அன்றைய பசி தீரப் போவதில்லை. குறைவாகப் போடுங்கள், வேண்டுமானால் மீண்டும் கேட்கட்டும். பிள்ளைகள் மிச்சம் விட்டதை அம்மா உண்டு முடிப்பது பல தாய்மாரின் நிறை கூடுவதற்குக் காரணம். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு. பெட்டகத்தில் அரிசி சேமிப்போம். வயிற்றைப் பெட்டகமாக்க வேண்டாம்.

சிலருக்குத் துக்கமே பசியாக வருகிறது. இழந்தவர்களின் நினைவு வரும் இரவில் கை தானாகவே பிஸ்கற் பேணியைத் தேடும். அப்போது நாம் கேட்க வேண்டியது: பசிப்பது வயிறா, மனமா? மனமென்றால் அதற்கு வேண்டியது பேச ஓர் ஆள். அயலில் உள்ள ஒருவரோடு பின்னேரம் சேர்ந்து நடப்பது இரண்டுக்கும் உதவும்.

நிறை கூடியவரைப் பகிடி பண்ணுவதை நிறுத்துவோம். வெட்கப்படுத்தினால் ஒளித்து உண்பார், மெலிய மாட்டார். அதுபோலவே, ஒரே மாதத்தில் மெலிய வேண்டுமென்று பட்டினி கிடப்பதும் பயன் தராது. பட்டினியின் பின் உடம்பு என்ன செய்யும் என்பதை மினசோற்றா இளைஞரிடம் கண்டோம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் தாமாக உணவைக் குறைக்கக் கூடாது. சலரோகத்துக்கு மருந்து அல்லது ஊசி எடுப்பவர்கள் ஒரு நேர உணவைத் தவிர்த்தால் மயக்கம் வரலாம். வைத்தியரைக் கேட்டே மாற்றம் செய்ய வேண்டும்.

நிறை உடனே குறையவில்லை என்று மனம் சோர்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர், சலரோகம் வரும் நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவதானித்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். உணவைத் திருத்தி, நடந்து வந்தவர்களுக்குச் சலரோகம் வரும் ஆபத்து நூற்றுக்கு 28 அளவில் குறைந்தது. அவர்களுடைய நிறையோ பெரிதாகக் குறையவில்லை! தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

நாம் இழந்தவை பல. காணி சிலருக்கு இன்னும் வரவில்லை. போனவர்கள் வரப் போவதில்லை. எஞ்சியிருக்கும் உடம்பு எம்முடையது. அதற்கு என்ன கொடுப்பதென்று தீர்மானிக்க இப்போது எம்மால் முடியும். அன்று வரிசையில் நின்று கொடுத்ததை வாங்கினோம். இன்று சந்தைக்குப் போகிறோம். நாளைக் காலை கொடிகாமம் சந்தைக்குப் போகும்போது பாணுக்கு முன் ஒரு பிடி கீரையைப் பையில் வைப்போம்.