முக்கோணத்தின் மூன்றாம் முனை

காதல் முக்கோணம் என்றதும் கணக்கு வகுப்பு நினைவுக்கு வந்து அஞ்ச வேண்டாம், நண்பர்களே! கங்கைக் கரைக்குப் பௌதிகம் படிக்க வந்த நான் இன்று பேசப் புகுவது திரைப்படத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதைப் பார்த்தவர்களைப் பற்றி.

சென்ற திங்களில் நம் விடுதிக் கூடத்தில் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பார்த்தோம் அல்லவா? ஸ்ரீதர் இயக்கி 1962இல் வெளிவந்த படம். கதை ஏறக்குறைய முழுவதும் ஒரே மருத்துவமனைக்குள் நடந்து முடிகிறது. புற்றுநோயுற்ற வேணு (முத்துராமன்) மனைவி சீதையுடன் (தேவிகா) அங்கு வருகிறான். மருத்துவன் முரளி (கல்யாண்குமார்) சீதையை முன்பு காதலித்தவன். “நான் இறந்தால் நீ அவரை மணந்துகொள்” என்கிறான் கணவன். அவனைக் காப்பாற்றியே தீர்வதென்று உழைக்கிறான் காதலன். வென்று, தான் மாண்டுபோகிறான்.

விளக்குப் போட்டதும் கூடம் இரண்டாகப் பிளந்தது. “முரளியே மனிதன்!” என்றது ஒரு கட்சி. “தாலி கட்டியவன் விட்டுக்கொடுக்கிறானே, அதுவன்றோ பெருமை!” என்றது மற்றொன்று. இக்கதையையே ஸ்ரீதர் 1963இல் இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்திருந்தார்; அதை முன்பே பார்த்திருந்த வடநாட்டு நண்பர்களும் அதே இரு கட்சிகளில் சேர்ந்துகொண்டார்கள். மொழி மாறியும் சண்டை மாறவில்லை. காரணம் என்ன?

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளநூல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹைடர், மூவர் உறவைப் பற்றி 1946இல் ஒரு கருத்தை வெளியிட்டார். அதைப் பின்வந்தோர் எளிய கணக்காக்கினர். விருப்பத்துக்குக் கூட்டல் குறி, வெறுப்புக்குக் கழித்தல் குறி போடுங்கள். மூன்று பக்கங்களின் குறிகளையும் பெருக்குங்கள். விடை கூட்டலானால் அமைதி, கழித்தலானால் அமைதியின்மை. ஒருத்தியை விரும்பும் இருவர் ஒருவரையொருவர் வெறுத்தால் இரண்டு கூட்டல், ஒரு கழித்தல், பெருக்கினால் கழித்தல். ஆகவேதான் வழக்கமான காதல் படத்தில் நாம் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறோம். ஏதேனும் ஒரு குறி மாறாதா என்று ஏங்குகிறோம்.

ஆனால் இந்தப் படத்தில் முரளிக்கும் வேணுவுக்கும் பகை இல்லை. மூன்று பக்கமும் கூட்டல்! கணக்குப்படி அமைதி, ஆயினும் கூடமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஏன்? நட்பைப் பகிர்ந்துகொள்ளலாம், இல்லறத்தைப் பகிர முடியாது. இரண்டு அன்புக்கும் ஒரே குறியைப் போட்டதில் கணக்குத் தவறியது. எந்தக் குறியையும் மாற்ற இயலாத கதாசிரியர் ஒரு முனையையே அழித்துவிடுகிறார். முரளி இறக்கும்போது நம் கண்ணீருக்குள் மெல்லியதோர் ஆறுதல் இருந்ததே, அது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் நான் எழுந்து பெருமிதத்தோடு விளக்கினேன். கைதட்டலும் கிடைத்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: “ஒருவன் விட்டுக்கொடுத்தான், மற்றவன் விட்டுக்கொடுத்தான் என்கிறீர்கள். எதை விட்டுக்கொடுத்தார்கள்? அவளைத்தானே? அவள் என்ன பண்டமா? தன் வேதனையைச் சொல்லப் படமாவது அவளுக்கு ஒரு பாட்டைக் கொடுத்தது. நீங்கள் ஒரு வாக்கியம்கூடக் கொடுக்கவில்லையே!”

கூடம் அடங்கியது. உண்மைதான். ‘அவள் யாருக்கு?’ என்று ஒரு மணி நேரம் வாதாடினோம், ‘அவளுக்கு யார்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு ஆடவரின் தியாகத்தை எடைபோட அவளைத் தராசுத் தட்டாக்கிக்கொண்டோம். பார்வையாளர் மனம் கொடுப்பவனையே பார்க்கிறது, கொடுக்கப்படுவதைப் பார்ப்பதில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தமக்கைக்கு மணம் பேசிய நாள் நினைவுக்கு வந்தது. கூடத்தில் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பள்ளிச் சிறுவனான நானும் பாயின் ஓரத்தில் இருந்தேன். பொருத்தம் பேசினார்கள், நகை பேசினார்கள். அடுப்படியில் நின்றவளை யாரும் கேட்கவில்லை. காபி கொண்டுவரச் சொன்னதைத் தவிர நானும் அவளிடம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தொலைபேசியில் கேட்டேன்: “அக்கா, அன்றைக்கு உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். “ஏண்டா தம்பி, இதை இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?”

அந்தச் சிரிப்புக்குக் கூட்டல் குறி இடுவதா, கழித்தல் குறி இடுவதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை இத்தகைய படம் பார்த்துவிட்டுக் கட்சி சேருமுன், மூன்றாம் முனையில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தில் மட்டுமன்று, வீட்டிலும்.