டெல்லிக்கு வடக்கே ஒரு மலை ரெயில்
லீவு ஒரு நாள். பிரயாணம் மூன்று நாள்: குளிர்காலத்தில் சிம்லா போகத் திட்டமிடுவது எப்படி?

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரெயில் என்றால் ஜி.டி., இல்லாவிட்டால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதும், கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஓடுவதும் இந்த வண்டிகளில்தான். லீவு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. கையிருப்பும் அதோடு சரி. இருபது, முப்பது ஆண்டுகள் தலைநகரில் உத்தியோகம் பார்த்தவர்களில் பலர், சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் எழும்பி நிற்கும் இமயமலை அடிவாரத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமலே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் அதற்குப் பெரிய செலவோ, நீண்ட லீவோ தேவையில்லை. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் திங்கள்கிழமை இரவு வீடு வந்து சேரலாம். ஜனவரி முதல் பாதியில் டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை என்பதால் பிள்ளைகளின் படிப்பும் கெடாது. ஆனால் முன்யோசனை வேண்டும். அது இல்லாமல் போகிறவர்கள் மூடுபனியையும் இருட்டையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

பாதையின் கதை

1864-ம் ஆண்டு முதல் சிம்லா, வெள்ளைக்கார அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைநகரம். டெல்லியிலிருந்து கால்கா வரை 1891-ல் அகலப் பாதை வந்தது. அதற்கு மேல் மலை ஏற குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். கால்காவிலிருந்து சிம்லா வரை 96 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய பாதை 1903 நவம்பர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 762 மில்லிமீட்டர்தான். வழியில் 102 குகைகள், 800-க்கு மேற்பட்ட பாலங்கள், 919 வளைவுகள். 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் நீலகிரி மலை ரெயிலுக்கு இந்தச் சிறப்பு 2005-லேயே கிடைத்துவிட்டது.

ஊட்டி ரெயிலில் போனவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமை. 12 அடி போனால் ஓர் அடி உயரம். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். கால்கா பாதையில் பல் சட்டம் கிடையாது. கடுமையான இடத்திலும் 33 அடிக்கு ஓர் அடிதான் ஏற்றம். அதற்காகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. சற்று முன் கடந்து வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே பள்ளத்தில் தெரியும். எந்தப் பக்கத்து ஜன்னல் நல்லது என்று சண்டை வேண்டாம். வளைவுகளில் பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி வரும்.

பரோக் குகை 1,143 மீட்டர் நீளம். பரோக் என்ற என்ஜினீயர் மலையை இரண்டு பக்கமிருந்தும் தோண்டச் சொல்லி, இரண்டு முனைகளும் சேராமல் போனதால் ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்று கூறப்படுகிறது. பிறகு பல்கு என்ற உள்ளூர்வாசி மலையின் போக்கை அறிந்து வழிகாட்டினார் என்பார்கள். சிம்லாவில் உள்ள ரெயில்வே அருங்காட்சியகம் அவர் பெயரால் விளங்குகிறது. குகையைத் தாண்டியதும் பரோக் நிலையம். கட்லெட்டும் சூடான டீயும் கிடைக்கும். கண்டாகாட்டுக்கு மேலே கனோ அருகில், நான்கு அடுக்கு வளைவுகளாகக் கல்லில் எழுப்பிய பாலம் ஒன்று உண்டு. கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய இடம் அது.

முதல் எதிரி மூடுபனி

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வட இந்தியச் சமவெளியை மூடுபனி பிடித்துக்கொள்ளும். தொலைவிலிருந்து வரும் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். கால்கா மெயில் என்று பழையவர்கள் சொல்லும் வண்டிக்கு 2021 முதல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர். அது ஹவுராவிலிருந்து வருகிறது. இரவில் ஏறினால் விடியுமுன் கால்காவில் இறங்கலாம். கட்டணமும் குறைவு. ஆனால் மூடுபனிக் காலத்தில் அதை நம்பி மலை ரெயிலுக்கு டிக்கெட் எடுப்பதில் ஆபத்து உண்டு. டெல்லியிலேயே புறப்படும் சதாப்தியில் மாலையில் ஏறி, இரவு கால்காவில் தங்கி, காலையில் மலை ரெயிலைப் பிடிப்பது நிம்மதி. செலவு சற்றுக் கூடும். ஆபீசில் கொஞ்ச நேரம் பர்மிஷன் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது எதிரி இருட்டு. ஜனவரியில் காலை ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் தலைகாட்டும். மாலை ஐந்தரைக்கு மறைந்துவிடும். மலை ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நண்பகலில் கால்காவை விட்டால், தேவதாரு மரங்கள் நிறைந்த மேல்பகுதி மங்கும் மாலை வெளிச்சத்தில்தான் தெரியும். விடியுமுன் புறப்படும் வண்டியில் கீழ்ப்பகுதி தெரியாது. ஆகவே காலையில் ஏறி, திங்கள்கிழமை காலையில் இறங்குவதே சரி. ஏறும்போது தவறியது இறங்கும்போது கிடைக்கும். மாலையில் கால்காவிலிருந்து சதாப்தி பிடித்தால் இரவு டெல்லி.

டிக்கெட்டும் செலவும்

2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பெட்டிகள் சிறியவை, இடம் குறைவு. ஆகவே முதலில் மலை ரெயிலில் இடம் பிடித்து, பிறகு டெல்லி வண்டியைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கூரைப் பெட்டிகள் கொண்ட ஹிம்தர்ஷன் எக்ஸ்பிரஸ் 2019 டிசம்பரில் விடப்பட்டது. சாதாரண இரண்டாம் வகுப்பிலும் அதே மலைதான் தெரியும். நேரங்கள் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் 139-ல் விசாரிப்பது நல்லது.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஓட்டல் வாடகை உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில் இறங்கிவிடும். மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி.யை இதற்கு வீணாக்க வேண்டாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கும் போகக் கிடைக்கும் சலுகையை, 400 கிலோமீட்டருக்குச் செலவிடுவது நஷ்டக் கணக்கு. இதைச் சொந்தப் பணத்தில் போய்வரலாம்.

பனி விழுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஜனவரி, பிப்ரவரியில் விழ வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதி சொல்ல யாராலும் முடியாது. பனியை நம்பிப் போனால் ஏமாற்றம்; ரெயிலை நம்பிப் போனால் ஏமாற்றமில்லை. மழைக்காலத்தைவிடக் குளிர்காலம் மேல். 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் அருகே மண் சரிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. சிம்லா வரை மீண்டும் வண்டி ஓட அக்டோபர் ஆயிற்று.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சிம்லா 2,000 மீட்டருக்கு மேல் உயரம். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கடைவீதிக்கு ஏற கட்டண லிப்ட் இருக்கிறது. டெல்லிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதை மூடும் குல்லாயும் கம்பளிக் காலுறையும் அவசியம். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். பிளாஸ்கில் காப்பி இருந்தால் குகை இருட்டில் பிள்ளைகள் கூச்சலிடும் சத்தத்தைக்கூட ரசிக்கலாம்.

திங்கள் இரவு வீடு. மூடுபனி வண்டியைத் தாமதப்படுத்தாவிட்டால், செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.