தாத்தாவின் எச்சிலைச் சேமித்து வைக்கணுமா? ஃபிரிட்ஜ் வேண்டாம், காகித உறை போதும்!

பல பத்தாண்டுகளுக்கு முன் எச்சில் தொட்டு ஒட்டிய தபால்தலையிலிருந்தே இன்று டி.என்.ஏ. எடுக்கிறார்கள். எல்லாத் தலையிலும் கிடைத்துவிடாது. ஆனால் கிடைக்கிறது. அப்படியிருக்க, பாட்டிலில் பிடித்து வைத்த எச்சில் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது?

காரணம் ஈரம். எச்சிலில் கன்னத்தின் உட்புறம் உதிர்ந்த செல்களும் வெள்ளை அணுக்களும் இருக்கும். டி.என்.ஏ. அவற்றில்தான் இருக்கிறது. கூடவே பாக்டீரியாவும், டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை இவை வேலை பார்க்கும். தபால்தலையில் எச்சில் உடனே காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜில வச்சா போதாதா? குளிரில் கெடுவது தாமதமாகும், நிற்காது. ஃப்ரீசர் பரவாயில்லை. ஆனால் ராஜபாளையம் பக்கத்து செட்டியார்பட்டி மாதிரி ஊரில் கரண்ட் போய்ப் போய் வந்தால், உருகி உறைந்து டி.என்.ஏ. துண்டு துண்டாகும்.

என்ன செய்யலாம்?

வெற்றிலை, டீ எதுவும் வேண்டாம். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்டெரைல் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் அரை நிமிடம் தேயுங்கள். நுனியைத் தொடவோ, அதன் மேல் தும்மவோ கூடாது. வெயிலில் வேண்டாம், புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். நிழலிலேயே முழுசாகக் காய்ந்த பிறகு காகித உறைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிவிடும். புது செருப்பு டப்பாவில் இருக்குமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் புதிதாக வாங்கி, உறையோடு சேர்த்து மூடி இறுக்கமான டப்பாவில் வைத்துவிடுங்கள்.

பல நிறுவனங்கள் தங்கள் கிட்டில் எடுத்ததை மட்டுமே சோதிக்கும். எனவே பெரியவர் இருக்கும்போதே சோதித்துவிடுவதுதான் நல்லது. வீட்டு உறை இரண்டாவது வழி.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? பிள்ளைக்கு வருவது தந்தையின் டி.என்.ஏ.வில் பாதிதான், மீதி அவரோடு போய்விடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழு, உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தில் எடுத்த ரத்த மாதிரியில்தான் எம்130 என்ற குறியீட்டைக் கண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது.

ஆனால் அது தாத்தாவின் டி.என்.ஏ. மட்டுமல்ல, சித்தப்பா, அத்தை எல்லோருடையதும்தான். அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது. அதனால் உறையின் மேல் பெயர், தேதியோடு, யாரிடம் கொடுக்கலாம் என்று தாத்தா சொன்னதையும் எழுதி வையுங்கள்.