எந்தக் கடற்கரைக்குப் போவது? முதலில் மாதத்தைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் விடுமுறையில், கொழும்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா குடும்பத்தோடு பாசிக்குடாவுக்குப் போனார். ஹோட்டல் அறை பாதி விலைக்குக் கிடைத்ததுதான் காரணம். மூன்று நாளும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "கடல் சேத்து நிறத்தில கிடந்தது, பிள்ளையள இறக்கவே இல்லை" என்றார். பாதி விலைக்கு ஏன் தந்தார்கள் என்ற கேள்வி அவருக்குத் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியதாம்.

இலங்கையின் கரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நன்றாக இருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி வீசுகிறது. வடக்கில் இதைச் சோளகம் என்பார்கள். இந்து சமுத்திரத்திலிருந்து வரும் காற்று நேராக மேற்கிலும் தெற்கிலும் மோதுவதால் நீர்கொழும்பு முதல் மாத்தறை வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதே காற்று ஈரத்தை மலைநாட்டில் இறக்கிவிட்டுக் கிழக்கே வரும்போது வறண்டுவிடுகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். உடம்பு காயும், ஆனால் கடல் தெளிந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கிலும் வடக்கிலும் மழையைக் கொட்ட, காலியும் மாத்தறையும் வெயில் காயும். இடையில் வரும் ஒக்டோபரும் நவம்பரும் விரிகுடாவில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாகும் மாதங்கள். மட்டக்களப்பைச் சிதைத்த 1978ஆம் ஆண்டுப் புயல் வந்ததும் ஒரு நவம்பரில்தான்.

சுற்றுலா வருவதற்கு வெகுகாலம் முன்பே மீனவர்கள் இந்தக் கணக்கின்படி கரை மாறினார்கள். சோளகம் தொடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளங்களோடு முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்கு வந்து வாடி அமைப்பது பல தலைமுறைப் பழக்கம். (போருக்குப் பின்னர் கொக்கிளாய், நாயாறுப் பகுதிகளில் இது எப்படிப்பட்ட தகராறாக மாறியது என்பது தனியாக எழுதவேண்டிய கதை.)

நமது விடுமுறைகளை இந்தக் கணக்கில் பொருத்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓகஸ்ட் விடுமுறையென்றால் கிழக்கு அல்லது வடக்கு, டிசம்பர் என்றால் தெற்கு அல்லது மேற்கு. சித்திரைப் புத்தாண்டு நாட்களில் பொதுவாக இரு பக்கமும் அமைதிதான், பின்னேர இடிமழையை மட்டும் எதிர்பார்க்கவேண்டும். கோடை விடுமுறையில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் உறவுகளுக்கு இது நல்வாய்ப்பு. நல்லூர்த் திருவிழாவும் தெளிந்த கடலும் ஒன்றாக வருகின்றன. ஆனால் அவர்களில் பலர் விமான நிலையத்துக்குக் கிட்ட என்று நீர்கொழும்பில் அறை எடுத்து, கலங்கிய கடலைப் பார்த்தபடி முதல் மூன்று நாட்களைக் கழிக்கிறார்கள்.

சரி, ஓகஸ்டில் கிழக்கு. அதில் எங்கே? நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பாசிக்குடாதான். வளைந்த குடா, அலை குறைவு, இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் கல்குடாவை அதே மாதிரி நம்பி இறங்கிவிடக்கூடாது, அது திறந்த கடல்.

பாசிக்குடாவில் எனக்கு உள்ள வருத்தம் வேறு. போரும் 2004 சுனாமியும் அழித்த இந்தக் கரை, போர் முடிந்தபின் சுற்றுலா வலயமாக்கப்பட்டது. இன்று குடாவின் பெரும்பகுதியை ஹோட்டல்கள் வரிசையாக மறைத்து நிற்கின்றன. பஸ்ஸில் வரும் உள்ளூர்க் குடும்பங்கள் குளிக்கும் இடம் ஒரு முனையில் ஒடுங்கிவிட்டது. மீனவர்கள் வள்ளம் ஏற்றும் இடமும் சுருங்கிவிட்டது. ஹோட்டல் தன் காணிக்கு வேலி போடலாம், அலை வந்துபோகும் மணலுக்குப் போடமுடியாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதி பெறவேண்டும். ஆனால் மணலில் நடப்பவரைக் காவலாளி மறிக்கும்போது சட்டப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? தங்குவதற்குக் கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்துச் சிறிய விடுதிகளைத் தேடினால் உங்கள் காசாவது ஊருக்குள் போகும்.

வீட்டில் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் திருகோணமலை நல்லது. திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, உப்புவெளி, நிலாவெளி எல்லாம் ஒரு ஓட்டோ தூரத்துக்குள் வந்துவிடும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து முருகைக்கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது, ஒரு கால் மிதித்து உடைப்பது மறுபடி வளர வருடக்கணக்காகும். அறுகம்பே அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். இளைஞர்கள் கூட்டாகப் போகலாம், சின்னப் பிள்ளைகளோடு குளிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் காரைநகர் கசூரினா கடற்கரையும் ஆழமில்லாதது, பாதுகாப்பானது. முல்லைத்தீவுக் கரை அப்படியல்ல, அலை கரையிலேயே உடையும் திறந்த கடல். அதைவிட, அந்த மாவட்டத்தின் சில கரைகளில் 2009 மே மாதம் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அங்கே பாட்டுப் பெட்டியோடு இறங்க மனம் வராது. தெரியாமல் வரும் பஸ்களையும் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் முதல் மார்ச் வரை உனவட்டுன, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ எல்லாம் நன்றாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸ, டொல்பின் பார்க்க கற்பிட்டி. ஹிக்கடுவையில் முருகைக்கற்களை எதிர்பார்த்துப் போகவேண்டாம், 1998இல் கடல் சூடேறியபோது பெரும்பகுதி வெளிறி இறந்துவிட்டது. ஆமைகள் இன்னமும் கரைக்கருகே வருகின்றன.

எந்தக் கரையானாலும் ஒன்றைக் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் திரும்பிப் போகவேண்டும். சில இடங்களில் அது ஒடுங்கிய வாய்க்கால் போல வேகமாகக் கடலுக்குள் ஓடும். இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, அந்த இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். கடல் தெரியாதவர் அந்த அமைதியைப் பார்த்துத்தான் இறங்குவார். இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறவேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கை உயர்த்திக் கூப்பிடவேண்டும். மதுபோதையில் இறங்குகிறவருக்கு இந்த அறிவுரை எதுவும் உதவாது.

ஊர்ப் பெயரைத் தெரிந்தெடுத்தபின் ஹோட்டலுக்கு அழைத்து "கடல் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். போய் இறங்கிய காலையில் கரைக்குப் போய், வலை காயவைக்கிற ஐயாவிடம் கேளுங்கள். "இண்டைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு வேண்டாம்.

அக்கா பிறகு ஒரு ஓகஸ்டில் மறுபடியும் பாசிக்குடா போனார். முழு விலை கொடுத்துத்தான். பிள்ளைகள் மூன்று நாளும் தண்ணீரை விட்டு ஏறவில்லையாம்.