சிறுநீர்ப்பை அழற்சி: உடற்சூடு என்று ஒதுக்கலாமா?

கோடை தொடங்கியதும் எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் சொல் 'நீர்க்கடுப்பு'. சிலர் அதை நீர்ச்சுருக்கு என்பர். சிலர் 'சூடு பிடித்துவிட்டது' என்பர். பெயர் எதுவாயினும் துன்பம் ஒன்றே. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கழித்த பின்னும் முடியாதது போன்ற உணர்வு, கால் மணிக்கொரு முறை கழிவறைக்கு ஓட வேண்டிய அவசரம். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எனச் சில நாள் பார்ப்பது, அடங்காதபோது மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது, அதுவும் பலிக்காதபோது மருத்துவமனைக்கு வருவது என்பதே இங்கு வழக்கமாக இருக்கிறது. இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் நலமடைவர்.

சூடு என்னும் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. வெயிலில் உடல்நீர் வியர்வையாக வெளியேறும்போது சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அடர்ந்த சிறுநீர் வெளியேறுகையில் இலேசான எரிச்சலைத் தரலாம். நான்கைந்து குவளை நீர் அருந்தினால் அரை நாளில் அது மறைந்துவிடும். அவ்வாறு மறையாமல், அடிவயிற்று வலியோடும் அவசரத்தோடும் தொடரும் எரிச்சலைத்தான் நாங்கள் சிறுநீர்ப்பை அழற்சி என்று ஐயுறுகிறோம். பெரும்பாலும் அது பாக்டீரியாத் தொற்றினால் வருவது.

தொற்று எங்கிருந்து வருகிறது?

பலரும் நினைப்பதுபோல் குடிநீரிலிருந்தோ, ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரிலிருந்தோ இத்தொற்று வருவதில்லை. நம் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவே பெரும்பான்மைத் தொற்றுகளுக்குக் காரணம். 1885ஆம் ஆண்டில் இதை முதலில் விவரித்த குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக்கின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. குடலில் இருக்கும்வரை இது நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து நகர்ந்து, சிறுநீர் வெளியேறும் தாரை வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையை அடையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இதன் உடலில் உள்ள நுண்ணிய இழைகள் பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அதனால் சுவர் சிவந்து வீங்குகிறது. வீங்கிய பை சிறிதளவு நீரையும் தாங்காது. ஆகையால்தான் இரண்டு கரண்டி அளவே இருந்தாலும் ஓட வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு இந்தத் தாரை ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உடையது, ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு இருக்கும். பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொற்றைச் சந்திப்பதற்கு இந்த அமைப்பே முதற்காரணம். அவர்களுடைய தூய்மைக்குறைவு அன்று. திருமணமான புதிதில் இது அடிக்கடி வருவதுண்டு. தாம்பத்திய உறவின்போது பாக்டீரியா தாரைக்குள் தள்ளப்படுவதே அதற்குக் காரணம். இது பால்வினை நோய் அன்று. கணவர் மீதோ மனைவி மீதோ ஐயம் கொள்ள இதில் ஏதுமில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தாலேயே வீட்டில் சொல்லாமல், துணைக்கு ஒருவரும் இல்லாமல், காய்ச்சல் முற்றிய நிலையில் வரும் இளம்பெண்கள் உண்டு.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பிறப்புறுப்பைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, தொற்று மீண்டும் மீண்டும் வரும். கிருமிநாசினித் திரவங்களாலும் சோப்பினாலும் உட்புறம் கழுவுவோரும் அதே நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கிறார்கள். வெறும் நீர் போதும். முன்னிருந்து பின்னாகக் கழுவுவது நலம்.

பனியன் கம்பெனியும் சிறுநீர்ப்பையும்

நம் பகுதியில் இந்நோயைப் பற்றிப் பேசும்போது வேலையைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. ஓவர்லாக், பிளாட்லாக் தையல் எந்திரங்களில் அமர்ந்திருப்போரும், செக்கிங் மேசையில் நிற்போரும், கைமடிப்போரும், அயர்னிங் பகுதியின் நீராவிச் சூட்டில் நிற்போரும் பெரும்பாலும் ஒரே வழக்கத்தைச் சொல்கிறார்கள். காலையில் ஒரு குவளை தேநீர், மதியம் உணவோடு சிறிது தண்ணீர், மாலையில் மற்றொரு தேநீர். கழிவறைக்குச் செல்வது மதிய இடைவேளையில் ஒரு முறை, அத்தோடு வீடு திரும்பிய பிறகுதான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து சென்றுவரும் பத்து நிமிடமும் சனிக்கிழமைக் கூலியில் குறையும். வரிசையில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முன் துணி குவியும். ஆகவே எழ வேண்டாமென்று நீரையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் உளியோடு அமர்ந்திருக்கும் நம்மூர்ச் சிற்பக்கூடத் தொழிலாளர்களிடமும் நீர் குறைவு உண்டு. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களைத் தேடி வருவது கடுப்பைவிடக் கல்லாகவே இருக்கிறது.

கம்பெனிக் கழிவறை அசுத்தமாக இருப்பதால் அங்கிருந்து தொற்று ஒட்டிக்கொள்கிறது என்று பலர் கூறுகின்றனர். உண்மையில் கழிவறை இருக்கையிலிருந்து சிறுநீர்ப்பைக்குத் தொற்று தாவுவது மிக அரிது. அசுத்தமான கழிவறைக்கு அஞ்சி ஆறு ஏழு மணி நேரம் அடக்கிவைப்பதே கேடு. சிறுநீர் வெளியேறும் ஒவ்வொரு முறையும் பாக்டீரியாக்களையும் அடித்துச் செல்கிறது. உடல் தனக்கென வைத்திருக்கும் மிக எளிய காப்பு இதுதான். நீரும் குறைந்து, கழிப்பதும் குறைந்தால், தேங்கிய சிறுநீரில் அவை பெருகுவதற்கு நாமே நேரம் கொடுத்தவர்களாகிறோம்.

தண்ணீரின் பயனை வெறும் அறிவுரை என்று எண்ண வேண்டாம். பல்கேரியாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வரும், குறைவாக நீர் அருந்தும் 140 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பாதியினர் வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாக அருந்தினர். ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று வந்தது சராசரியாக 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை. மாத்திரை ஏதுமின்றி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்நாட்டைவிட வெப்பம் மிகுந்த நம்மூரில் எவ்வளவு அருந்துவது என்று லிட்டர் கணக்குப் பார்ப்பதைவிட, சிறுநீரின் நிறம் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது. இதய நோயாளிகளும் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

இதில் தொழிலாளியின் கவனம் மட்டும் போதாது என்பது என் கருத்து. கழிவறை போதிய அளவிலும், பெண்களுக்குத் தனியாகவும், வேலை நேரத்தில் எந்நேரமும் அணுகக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும் அதில் உண்டு. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் குடிநீரையும் கழிவறையையும் உரிமையாளரின் கடமையாகவே வைத்திருக்கிறது. 'இடைவேளையின்போது மட்டும்' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்த இதழைப் படிக்கும் மேற்பார்வையாளர்கள் இதைக் கருத்திற்கொண்டால், நாங்கள் எழுதித் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டுகளும் குறையும்.

பரிசோதனையும் மருந்தும்

இளம்பெண்ணுக்கு முதன்முறையாக, காய்ச்சலின்றி வரும் கடுப்புக்கு அறிகுறிகளும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையும் போதும். அறிக்கையில் 'பஸ் செல்கள்' என்று அச்சிட்டிருப்பது தொற்றை எதிர்க்க வந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ வந்தாலும், கருவுற்றிருந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், நோயாளி ஆணாக இருந்தாலும் கல்ச்சர் பரிசோதனை அவசியம். எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அது இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடும்.

மாதிரி எடுப்பதில் ஒரு சிறு கவனம் வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத் தூய புட்டியில் பிடிக்க வேண்டும். வீட்டில் பிடித்து, பையில் வைத்து, வெயிலில் இரண்டு பேருந்து மாறிக் கொண்டுவந்தால், வழியிலேயே பாக்டீரியா பெருகி இல்லாத தொற்றைக் காட்டும். ஆய்வகத்திலேயே தருவது நல்லது.

இனி மருந்து. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நம் ஊரில் கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது நார்பிளாக்சசின் அல்லது சிப்ரோபிளாக்சசின். இவை ஒரு காலத்தில் நன்கு வேலை செய்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் அறிக்கைகளைப் பார்த்தால், பெரிய மருத்துவமனைகளில் பிரித்தெடுக்கப்படும் ஈ.கோலையில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. இரண்டு நாள் விழுங்கி எரிச்சல் தணிந்ததும் நிறுத்தும் பழக்கமும், தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் இவற்றைக் கொடுத்த பழக்கமும் இதற்குப் பங்களித்தவை.

வியப்பு என்னவெனில், 1953இலேயே புழக்கத்துக்கு வந்த நைட்ரோபியூரன்டாயின் என்னும் பழைய, விலை குறைந்த மருந்துக்கு இந்தப் பாக்டீரியா இன்றும் பெரும்பாலும் அடங்குகிறது. சிறுநீரில் மட்டுமே செறிந்து வேலை செய்வதால் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இதுவே எங்கள் முதல் தெரிவு. பெண்களுக்கு வழக்கமாக ஐந்து நாள். உணவோடு உட்கொள்ள வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் அஞ்ச வேண்டாம். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும், பேறுகாலம் நெருங்கியவர்களுக்கும் இது கூடாது. சிறுநீரகத்தை எட்டிய தொற்றுக்கும் இது பயன்படாது. ஒரே வேளை 3 கிராம் கரைத்துக் குடிக்கும் பாஸ்போமைசின் மற்றொரு வழி. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இப்பெயர்களைக் கடையில் காட்டி வாங்குவதற்காக எழுதவில்லை.

எரிச்சலுக்கென்று கடையில் தரும் காரச் சிரப்பு சிறிது இதம் தரும், தொற்றை நீக்காது. நைட்ரோபியூரன்டாயின் எடுக்கும்போது அந்தச் சிரப்பைத் தவிர்க்க வேண்டும். அது மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். இளநீரும் மோரும் அருந்தலாம். அவை நீர்தான், மருந்து அல்ல. மாதவிடாய் நின்றவர்களுக்கு மீண்டும் மீண்டும் வருமானால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தருகிறது. அதைக் கேட்கவும் எழுதிக் கொடுக்கவும் நம்மிடையே ஏனோ தயக்கம்.

எந்தத் தொல்லையும் இல்லாதவரின் கல்ச்சர் அறிக்கையில் பாக்டீரியா இருப்பதாக வந்தால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்குச் செல்வோரையும் தவிர மற்றவர்களுக்கு மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. வீட்டில் சிறுநீர்க்குழாய் பொருத்திப் படுத்திருக்கும் முதியவர்களைப் பராமரிப்போர் இதை நினைவிற்கொள்ளுங்கள். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம்.

தொற்று இல்லாத கடுப்பு

பஸ் செல்கள் இருக்கும், சாதாரண கல்ச்சரில் எதுவும் வளராது, வாரக்கணக்கில் இரவும் பகலும் அடிக்கடி சிறுநீர் போகும் என்றால் காசநோயைத் தேட வேண்டும். சிறுநீர்ப்பைக் காசம் நம் நாட்டில் இன்றும் உண்டு. தாமதித்தால் பை சுருங்கிவிடும். காலத்தில் கண்டால் மருந்தால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் அழற்சி வரலாம். பை நிறையும்போது வலி கூடி, கழித்ததும் குறைந்து, எல்லாப் பரிசோதனையும் சரியாக வருபவர்களுக்குச் சிறுநீர்ப்பை வலி நோய் என்று தனியாக ஒன்று உண்டு. அது மனப்பிரமை அன்று. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரை எடுப்போருக்கு வரும் அரிப்பும் எரிச்சலும் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்தே வேறு.

எல்லாவற்றிலும் தவறவிடக் கூடாதது, வலியின்றிச் சிவப்பாக வரும் சிறுநீர். 1895இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை முதலில் அறிவித்தார். பென்சிடின் போன்ற வேதிப்பொருள்களே குற்றவாளிகள் என்று பின்னர் தெளிவாயிற்று. பென்சிடின் சார்ந்த சாயங்களை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எனினும் இப்புற்று தோன்ற இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அந்நாளில் சாயப்பட்டறையில் கைவைத்தவர்கள் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. இப்புற்றின் முதன்மைக் காரணமே புகையிலைதான். ஒரு முறை சிவந்து, மறுநாள் தெளிந்துவிட்டாலும் 'சூடு தணிந்தது' என்று இருந்துவிடாமல் ஸ்கேனும், தேவைப்பட்டால் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

குளிர்க்காய்ச்சல், விலாப்புறம் அல்லது முதுகில் வலி, வாந்தி ஆகியவை கடுப்போடு சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே வாருங்கள், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கர்ப்பிணிகள் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும்போது இதுவரை எடுத்த மாத்திரைகளின் காலி அட்டையையும் பழைய கல்ச்சர் அறிக்கையையும் கொண்டுவருவது எங்களுக்குப் பெரிதும் உதவும். முடிந்தால் புதிய ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீர் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.