சௌசௌக் கொடியும் தட்பவெப்பமும்

சௌசௌவைப் பெங்களூர்க் கத்தரிக்காய், சீமைக் கத்தரிக்காய் என்றும் வழங்குவர். ஆயினும் இது கத்தரி இனத்தைச் சேர்ந்ததன்று, பூசணிக் குடும்பத்தது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். மலாயர் இதனை லாபு சியாம் என்பர்.

மாசாய் போன்ற தாழ்நிலங்களில் இக்கொடி செழித்துப் படர்ந்தும் காய் பிடிக்காமற் போவதுண்டு. இதற்கு விதையையோ மண்ணையோ மட்டும் குறை கூறுதல் பொருந்தாது.

இக்கொடி பூப்பதற்கு ஏறக்குறைய 12 மணி நேரப் பகல் வேண்டும். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள ஜொகூரில் ஆண்டு முழுவதும் அதற்குக் குறைவில்லை. தடையாய் நிற்பது வெப்பமே. 13 முதல் 21 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிர்ச்சியே இதற்கு உகந்தது. வெப்பம் 28 பாகையைக் கடந்தால் தழை மிகும்; பூவும் பிஞ்சும் உதிரும். மாசாயின் நண்பகல் வெப்பமோ பெரும்பாலும் 30 பாகையைத் தாண்டும். கேமரன் மலையிலும் கொடைக்கானல் மலையிலும் இது நன்கு காய்ப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

தட்பவெப்பம் இசைந்தாலும் உழவரின் கவனம் இன்றியமையாதது. காய்க்குள் இருப்பது ஒரே விதை. அது காயினுள்ளேயே முளைவிடும். ஆதலால் விதையைப் பிரிக்காமல், முளைத்த காயையே நடவேண்டும். மட்கிய எருவும் உறுதியான பந்தலும் தேவை. ஈரம் குன்றலாகாது, நீர் தேங்கினாலோ வேர் அழுகும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே மலர்வதால் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீக்கள் வேண்டும். பூக்குங் காலத்தில் பூச்சிமருந்து தெளித்தால் அவையும் மடியும், விளைச்சலும் குறையும்.

காய் தங்காத தாழ்நிலத்திலும் கொடி முற்றிலும் வீணன்று. அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைத்து உண்ணலாம்.