மறக்கத் தெரிந்த நினைவகம்

சுழலும் ஹார்ட் டிஸ்க்கிடம் ஒரு தகவலைக் கேட்டால், அது வந்து சேர ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். உள்ளே இருக்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். தட்டு சுற்றிவந்து வேண்டிய இடம் கைக்குக் கீழே சேர வேண்டும். ரேமில் நகர ஒன்றுமில்லை. சுமார் 100 நானோ விநாடியில் தகவல் வந்துவிடும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ரேமுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்குக்கு 27 மணி நேரத்துக்கு மேல்!

அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1999-இல் தொடங்கிய லைவ்ஜர்னல் தளம், கூட்டம் பெருகப் பெருக இந்த வித்தியாசத்தில் திணறியது. ஒரே பதிவை ஆயிரம் பேர் படித்தால் டிஸ்க்கில் உள்ள டேட்டாபேஸை ஆயிரம் தடவை தட்டி எழுப்ப வேண்டும். அடிக்கடி கேட்கப்படுவதை ஒவ்வொரு வெப் சர்வரும் தன் ரேமிலேயே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரே பதிவின் நகல் எல்லா சர்வரிலும் இடத்தை அடைக்கும். பத்து சர்வர் இருந்தும் ஒரு சர்வரின் ரேம் அளவுக்குத்தான் பலன். 2003-இல் அவர் எழுதிய மெம்கேஷ்டு, பல சர்வர்களில் சும்மா கிடந்த ரேமைச் சேர்த்து ஒரே பொதுக் கிடங்காக்கியது.

அந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே இல்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு. எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் எதுவும் கிடையாது. தகவலின் பெயரை ஒரு கணக்கில் போட்டால், அது இருக்கும் சர்வரின் எண் விடையாக வரும். கேட்கும் ஒவ்வொரு கணினியும் அதே கணக்கைப் போடுவதால் எல்லாரும் ஒரே வாசலில் போய் நிற்கிறார்கள். நெட்வொர்க்கைக் கடந்து வர அரை மில்லி விநாடி ஆனாலும் லாபம்தான்.

இன்னொன்று, மறக்கும் உரிமை. அசல் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே மெம்கேஷ்டு வழக்கமாக எதையும் டிஸ்க்கில் எழுதிவைப்பதில்லை. மின்சாரம் போனால் எல்லாம் போகும், போகட்டும். இடம் நிறைந்தால், வெகுநேரமாக யாரும் தொடாததைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளும். பாதுகாக்கும் பொறுப்பு இல்லாததால்தான் அதற்கு இத்தனை வேகம்.

அசல் மாறும்போதுதான் சிக்கல். பதிவைத் திருத்திய உடனே ரேமில் உள்ள நகலை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் பழையதையே பார்த்துக்கொண்டிருப்பார். அழித்தாலும் ஆபத்து உண்டு. அந்த நொடியில் ஆயிரம் பேர் அதைக் கேட்டால், நகல் இல்லை என்றதும் அத்தனை பேரும் டேட்டாபேஸின் மேல் பாய்வார்கள்.

மெம்கேஷ்டு பற்றி ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. முதலில் வந்தவருக்கு மட்டும் டோக்கன். அவர் டேட்டாபேஸுக்குப் போய் எடுத்துவந்து நகலை நிரப்ப வேண்டும். அதே தகவலுக்கு அடுத்த டோக்கன் 10 விநாடி கழித்துத்தான். மற்றவர்கள் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பார்கள். பெரும்பாலும் அதற்குள் நகல் வந்திருக்கும். இப்படி நெரிசலில் சிக்கக்கூடிய தகவல்களை எடுத்துச் சோதித்தபோது, டேட்டாபேஸின் மேல் விழுந்த உச்சச் சுமை விநாடிக்கு 17,000 கேள்விகளிலிருந்து 1,300 ஆக இறங்கியது.